நாலெழுத்து மௌனம்

"அடுக்களை ஜன்னலைச் சாத்தினியா?" என்று அவர் அவள் காதோரம் குனிந்து கேட்டார்.

"ஷ்ஷ்," என்றாள் அவள்.

முப்பத்தொரு வருஷத் தாம்பத்தியத்தில் அவர்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அதுதான். இப்படி முடியப்போகிறது என்று தெரிந்திருந்தால் இரண்டு பேருமே கொஞ்சம் தேடிப்பிடித்து நல்லதாக நாலு வார்த்தை பேசியிருப்பார்கள். ஆனால் அன்று சனிக்கிழமை, மணி நாலாகி இரண்டு நிமிஷம், போதகர் சின்ன மணியைக் கையில் எடுத்துவிட்டார். மணி அடித்துவிட்டால் அந்த அறையில் இருபது நிமிஷத்துக்கு யாரும் வாய் திறக்கக் கூடாது.

உடைந்த பெஞ்சுகளையும் அட்டை கிழிந்த பாட்டுப் புத்தகங்களையும் போட்டு வைத்திருந்த அறை அது, ஆலயத்தின் பின்பக்கம். அதைக் காலி செய்து, வெள்ளையடித்து, எட்டு நாற்காலி போட்டு, "வாரத்துல இருபது நிமிஷமாவது நாம வாயை மூடிக்கிட்டு கர்த்தரைப் பேச விடுவோமே" என்று போதகர் ஆரம்பித்தபோது சபையில் பாதிப் பேர் சிரித்தார்கள். ஜெபம் என்றால் அவர்களுக்குத் தொண்டை கட்ட வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் இந்த ஆறேழு பேருக்கும் 'தூக்க சங்கம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். வைத்த பேரைக் காப்பாற்றியவர் அவள் கணவர்தான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். விடிந்ததிலிருந்து அடுக்குமாடிகளின் உச்சியில் உள்ள மோட்டார் அறைகளுக்கு ஏறி இறங்குகிறவர். ஸ்குரூ டிரைவரின் முனையை மோட்டாரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷரை நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொன்னால் என்ன ஆகும்? ஆறாவது நிமிஷத்தில் தலை சாயும். ஏழாவது நிமிஷத்தில் குறட்டை கிளம்பும். அவள் இடது காலால் அவர் பாதத்தில் ஒரு தட்டு தட்டுவாள். நிமிர்ந்து உட்காருவார். கூட்டம் முடிந்ததும் போதகரிடம், "தூங்கலைங்க ஐயா. மேல போயிட்டே இருந்தேன். நடு மாடியில கரன்ட் போயிடுச்சு" என்பார்.

முறை எளிமையானதுதான். ஆளுக்கு ஒரு சொல். மூச்சோடு அதை உள்ளே சொல்லிக்கொள்ள வேண்டும். மனசு சந்தைக்குப் போனால் திட்டாமல் அதன் கையைப் பிடித்துச் சொல்லுக்குக் கூட்டி வர வேண்டும். அவரவர் சொல் அவரவருக்கு, வெளியே சொல்வதில்லை. அவளுடையது 'இதோ'. அவருடையது அவளுக்குத் தெரியும். அது தெரிந்தது அறைக் கதவில் இருக்கும் பலகையால்.

அந்தப் பலகையை எழுதியவர் அவர்தான். பழைய லிஃப்ட் கதவிலிருந்து ஒரு தகட்டை வெட்டி, ராவி, நீலப் பெயின்டில் 'உள்ளே மெளனம்' என்று எழுதி மாட்டினார். பார்த்ததும் அவளுக்குக் கண்ணில் தூசி விழுந்ததுபோல் ஆகிவிட்டது. அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். கல்யாணப் பத்திரிகை முதல் பாடப் புத்தகம் வரை அவள் பேனா படாமல் அங்கே எதுவும் இயந்திரத்தில் ஏறாது.

"என்னங்க இது? மௌனம் மூணெழுத்து. நீங்க நாலெழுத்தாக்கி வெச்சிருக்கீங்க."

"எங்கே நாலு?"

"அந்த ள-வைப் பாருங்க. மௌ-வுல வர்றது எழுத்தில்ல, குறி. சின்னதா ஒட்டிக்கிட்டு இருக்கணும். நீங்க முழுசா ஒரு ள போட்டுட்டீங்க. மெ, ள, ன, ம். படிச்சா யாரோ மெள்ளப் போன்னு சொல்ற மாதிரி இருக்கு."

அவர் இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தார். "சரியாத்தானே இருக்கு? மௌனம் என்ன பட்டனை அமுக்கினா வர்றதா? மெள்ளத்தானே வரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இனிமே என் சொல்லும் அதுதான். மெள்ள. யார்கிட்டயும் சொல்லிடாதே, காப்பியடிச்சிடுவாங்க" என்றார்.

"அந்த ள-வை மாத்துங்க."

"அடுத்த சனிக்கிழமை."

அடுத்த சனிக்கிழமை மூன்று வருஷமாக வரவில்லை. அவள் நீலப் பெயின்ட் டப்பி ஒன்றையும் மெல்லிய தூரிகையையும் வாங்கிக் கைப்பையிலேயே வைத்திருந்தாள். அவர் அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமைக்கு முந்தின வாரம் போதகர் மணியடிப்பதற்கு முன் வழக்கம்போல் இரண்டு வார்த்தை சொன்னார். "பக்கத்துல இருக்கறவங்களை மனசுக்குள்ள திருத்திக்கிட்டே இருக்கறதும் ஒரு சத்தம்தான். காதுக்குக் கேக்காத சத்தம். அதை விட்டுப் பாருங்களேன்." அவர் பொதுவாகத்தான் சொன்னார். அவளுக்கோ, கூட்டத்தில் யாரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது. காலையில் தாளில் திருத்தி, மாலையில் மனுஷரைத் திருத்தி, ஜெபத்திலும் காலால் திருத்துகிறோமே என்று வெட்கமாகப் போயிற்று. அடுத்த வாரம் தட்டுவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. இது கர்த்தருக்கும் தனக்கும் உள்ள கணக்கு.

ஆகையால் அன்று ஏழாவது நிமிஷத்தில் குறட்டை கிளம்பியபோது, அவள் இடது காலை வலது காலுக்குப் பின்னால் கொக்கி போட்டுப் பூட்டிக்கொண்டாள். இதோ. இதோ. குறட்டை ஏறியது. சங்கத்தில் ஒருவரான பேக்கரிக்காரர் சிரிப்பை அடக்கியது அவருடைய நாற்காலி கிறீச்சிட்டதில் தெரிந்தது. இதோ. காலை அவள் விடவில்லை.

பிறகு, எதிலோ மாட்டிக்கொண்டதுபோல் ஒரு சின்ன விக்கலோடு, குறட்டை நின்றது.

அறை அப்படி ஒரு நாளும் அமைதியானதில்லை. 'ஸ்தோத்திரம் ஆண்டவரே' என்று அவள் உள்ளே சொன்னாள். நான் கையை எடுத்தேன், நீர் கையை வைத்தீர். மனசு சந்தைக்குப் போகவில்லை. சொல்லைத் தேட வேண்டியிருக்கவில்லை, அது தானாக வந்து போய்க்கொண்டிருந்தது. மீதிப் பதினோரு நிமிஷமும் அவள் வாழ்க்கையில் ஒருபோதும் ஜெபித்திராதபடி ஜெபித்தாள்.

மணி அடித்தது. எல்லாரும் கண் திறந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டார்கள். அவர் மட்டும் மோவாய் மார்பில் பட உட்கார்ந்திருந்தார்.

"அண்ணன் இன்னைக்கு மூணாம் வானத்துக்கே போயிட்டாரு போல. லிஃப்ட் நல்லா வேலை செய்யுது," என்றார் பேக்கரிக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பின் நடுவில் எதிர் நாற்காலியிலிருந்த நர்ஸக்கா மட்டும் எழுந்து வந்து அவர் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசு. "எத்தனை மணிக்கு நின்னதுன்னு யாராவது சொல்ல முடியுமா?" என்று கேட்டார். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"தெரியாது," என்றாள்.

அவளுக்குத் தெரியும்.

மறுநாள் வீட்டுக்கு வந்தபோது அடுக்களை ஜன்னல் திறந்து கிடந்தது. ராத்திரி மழை பெய்திருந்தது. மேஜையில் அவள் பாதி திருத்தி வைத்திருந்த பூகோளப் பாடம் நனைந்து, நதிகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே நீலமாகக் கிடந்தன.

வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல்தான் அவளை அறுத்தது. "கொடுத்து வெச்ச மனுஷன்மா. ஜெபத்துலேயே போயிட்டார்." "எத்தனை பேருக்கு வாய்க்கும் இப்படி?" வெளியூரிலிருந்து வந்த மகள்கூடச் சொன்னாள்: "கஷ்டப்படாம போனாரேம்மா. அதுவும் நீ பக்கத்துல இருக்கும்போது." அதுதான் முள். பக்கத்தில் இருந்தாள். முழங்கையை நகர்த்தினால் தொடும் தூரம். கணவன் மூச்சு நின்றதற்கு நன்றி சொல்லிவிட்டு, பதினோரு நிமிஷம் கர்த்தரின் மடியில் சுகமாக உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சமாதானம் யார் கொடுத்தது? கர்த்தர் கொடுத்ததென்றால் அவர் என்ன கர்த்தர்? கொடுக்கவில்லை என்றால் இத்தனை வருஷமாக அந்த அறையில் அவள் எதன் எதிரில் உட்கார்ந்திருந்தாள்? இதற்குப் பதில் தெரியாமல் அவளால் கண்ணை மூட முடியவில்லை. சாப்பாட்டுக்கு முன் ஒரு வரி ஜெபம்கூட வரவில்லை. இமை சேர்ந்தால் காது திறந்துகொள்ளும், ஒரு மூச்சுக்காகக் காத்திருக்கும். 'இதோ' என்ற சொல்லை அவள் தொடவே இல்லை. அதில் ஏதோ ஒட்டியிருந்தது.

மற்றபடி வேலைக்குப் போனாள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு செய்கிற வேலை என்பதால் அது நன்றாகவே நடந்தது. அந்த மாதங்களில் அவள் திருத்திய பக்கங்களில் ஒரு பிழை தப்பவில்லை. அச்சக முதலாளி, "இப்படியே இருங்க" என்றார், எதைப் பாராட்டுகிறோம் என்று தெரியாமல்.

மூன்றாம் மாதம் போதகர் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "அந்த அறையைப் பூட்டிட்டேன்மா. சனிக்கிழமை இப்ப ஆலயத்துக்குள்ளேயே கூடறோம். பாடறோம். ஆள் மாத்தி ஆள் சத்தமா ஜெபிக்கிறோம். ஒரு நிமிஷம் அமைதியானாக்கூட எல்லாரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கறோம். பயமா இருக்கு."

"தூக்க சங்கம் விழிச்சுக்கிச்சு," என்றாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கசப்பாக இருந்தது என்று அவளுக்கே தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். திருத்துவதைப் பற்றி அவர் சொன்ன வாக்கியத்தை அவள் அவரிடம் எடுக்கவில்லை. எடுத்தால் அடி எங்கே விழும் என்று தெரிந்திருந்தது.

பேக்கரிக்காரர் வேறு மாதிரி. ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசல் கைப்பிடியில் ஒரு ரொட்டிப் பொட்டலம் தொங்கும். மணி அடிக்கமாட்டார். ஐந்தாம் மாதம் அவள் கதவுக்குப் பின்னாலேயே நின்று, காகிதம் சரசரத்ததும் திறந்துவிட்டாள். மனுஷர் திருடன் அகப்பட்டதுபோல் நின்றார்.

"உள்ள வாங்க. ஒண்டி ஆளுக்கு ஒரு முழு ரொட்டியை எத்தனை வாரம்தான் காக்காய்க்குப் போடறது?"

"இல்ல அண்ணி... அன்னைக்கு நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். மூணாம் வானம், லிஃப்ட்டுன்னு..."

"அது நல்ல ஜோக்குதான். அவர் காதுல விழுந்திருந்தா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவார்."

பேக்கரிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விடியற்காலை மூன்று மணிக்கு மாவு பிசைகிறவர். கண்ணுக்குக் கீழே எப்போதும் இரண்டு பை. கிளம்பும்போது சொன்னார்: "என்னையாவது பரவால்ல, கூப்பிட்டுப் பேசிட்டீங்க. நர்ஸக்காவை யாரு கூப்பிடறது? சனிக்கிழமை வர்றதே இல்ல. ஞாயித்துக்கிழமை கடைசி பெஞ்சுல உட்கார்ந்து, ஆசீர்வாதத்துக்கு முன்னாலயே எழுந்து போயிடறாங்க. உங்களைப் பார்க்கப் பயம்."

உண்மையில் அவளுக்கு நர்ஸக்கா மேல் கோபம் இருந்தது. நாற்பது வருஷம் வார்டில் வேலை பார்த்தவள். எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். பிழை திருத்துகிறவளுக்குத் தெரியாமல் போகலாம், நர்ஸுக்குத் தெரிய வேண்டாமா? துக்க வீட்டுக்கு வந்து கூட்டத்தோடு நின்றவள், பிறகு ஒரு நாள் தனியாக வந்து ஏன் முகம் காட்டவில்லை? இந்தக் கோபத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அடுத்த நாள் மத்தியானம் கிளம்பினாள்.

நர்ஸக்கா வீடு இரண்டு தெரு தள்ளி, மாடியில். கதவு திறந்தே இருந்தது. அக்கம்பக்கத்தவர்கள் ரத்த அழுத்தம் பார்க்க வருவார்கள். அடுக்களை மேஜையில் அந்தக் கருவியும் ஒரு நோட்டும் இருந்தன. அவளைப் பார்த்ததும் நர்ஸக்கா எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"கையை நீட்டு," என்றாள் கடைசியில், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

நீட்டினாள். பட்டை இறுகி, தளர்ந்தது. "கொஞ்சம் அதிகம். மாடி ஏறி வந்திருக்கே."

"அதனால இல்ல. உங்க மேல கோபமா வந்திருக்கேன்."

"அது தெரியும். அதுக்கும் ஏறும்."

அவள் சுற்றிவளைக்கவில்லை. "குறட்டை நின்னுச்சே அக்கா, ஒன்பதாவது நிமிஷத்துல. அப்பவே நான் காலால தட்டியிருந்தா அவர் இருந்திருப்பாரா?"

நர்ஸக்கா பட்டையைச் சுருட்டினாள். சுருட்டி முடித்துவிட்டுப் பிரித்து, மறுபடி சுருட்டினாள். "இல்லன்னு சொன்னா நீ நிம்மதியா தூங்குவே. வார்டுல அப்படி எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன். உன்கிட்ட சொல்ல மாட்டேன். தெரியாது. சில பேர் பொழைச்சிருக்காங்க. சில பேரை டாக்டர் மடியில வெச்சிருந்தாலும் பொழைக்க மாட்டாங்க. உன் வீட்டுக்காரர் எந்த வகைன்னு யாருக்கும் தெரியாது."

இதுவரை அவளிடம் யாரும் 'தெரியாது' என்று சொன்னதில்லை. எல்லாரும் எல்லாம் தெரிந்தவர்களாகவே ஆறுதல் சொன்னார்கள். அவளுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தாள்.

"நான் வழக்கமா தட்டுவேன். அன்னைக்குத் தட்டறதில்லைன்னு பொருத்தனை. நின்னதும் என்ன செஞ்சேன் தெரியுமா? ஸ்தோத்திரம் சொன்னேன்."

நர்ஸக்கா அவளையே பார்த்தாள். "எனக்கும் கேட்டுது," என்றாள்.

"என்ன?"

"குறட்டை நின்னது. நாப்பது வருஷம் தூங்கறவங்க மூச்சை எண்ணினவ நான். வாசல்ல நின்னே சொல்லிடுவேன், எந்தக் கட்டில்ல என்ன மாறுதுன்னு. அந்த அறைக்கு நான் ஏன் வந்தேன் தெரியுமா? அங்க யாரையும் எண்ண வேண்டியதில்ல. வாரத்துல அந்த இருபது நிமிஷம் நான் நர்ஸ் இல்ல. குறட்டை நின்னதும் உள்ளுக்குள்ள ஒருத்தி எழுந்து நின்னா, போய்ப் பாருன்னு. நான் அவளை உட்காரச் சொன்னேன். அப்பாடா, இனிமே நிம்மதியா ஜெபிக்கலாம்னு நினைச்சேன்." சுருட்டிய பட்டையைக் கீழே வைத்தாள். "நீ ஸ்தோத்திரம் சொன்னியே, நான் அப்பாடான்னு சொன்னேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, முதலில் பிழை திருத்துகிறவளின் உதட்டோரம் இழுத்தது.

"அப்ப ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நன்றி சொல்லியிருக்கோம்."

"ஆமா."

"அவரைப் பேச விட்டா, 'என் குறட்டை நின்னதுக்கு இவ்வளவு கொண்டாட்டமா'ன்னு கேப்பார்."

நர்ஸக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அழுகையில் போய் விழுந்தது, அழுகை மறுபடி சிரிப்பில். மேஜையின் இரண்டு பக்கமும் இரண்டு பேர், நடுவில் ரத்த அழுத்தக் கருவி.

ஓய்ந்த பிறகு யாரும் பேசவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடியது. கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்தார்கள். அவள் நர்ஸக்காவின் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸக்கா பழக்க தோஷத்தில் அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள், உதடு லேசாக அசைந்தது. கண்ணை இருவருமே மூடவில்லை. கால் மணி நேரம் கழித்துத்தான், ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஓர் அமைதிக்குள் பயமில்லாமல் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. ஆனால் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார முடிந்தது.

"பதினெட்டு," என்றாள் நர்ஸக்கா. "நிமிஷத்துக்கு. நல்லாத்தான் இருக்கே."

அந்தச் சனிக்கிழமை இருவரும் சேர்ந்தே போனார்கள். ஆலயத்துக்குள் பாட்டு ஆரம்பித்திருந்தது. அவள் போதகர் பக்கத்தில் போய் நின்றாள். "ஐயா, அந்த அறைச் சாவி வேணும்."

பாட்டு அறுந்தது. "எதுக்கும்மா?"

"உட்காரத்தான். இருபது நிமிஷம்."

"வேண்டாம்மா." அவர் முகம் வெளுத்துவிட்டது. "அதுக்கு இன்னும்... உங்களுக்குப் பரவால்லன்னாலும் எனக்கு முடியாது. நான் ஒண்ணு உங்ககிட்ட சொல்லணும். அதுக்கு முந்தின வாரம் நான் ஒரு வார்த்தை சொன்னேன். பக்கத்துல இருக்கறவங்களைத் திருத்தறது..."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவளுடைய கால் தட்டலை இத்தனை வருஷமும் பார்த்தவர். அன்று அந்தத் தட்டல் கேட்காததையும் கவனித்திருக்கிறார். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அந்த நாற்காலி நுனியில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"அந்த வாக்கியத்துல பிழை இல்லைங்க ஐயா," என்றாள். "பிழைன்னா நான்தான் முதல்ல கோடு போட்டிருப்பேன். அதை நான் கொண்டுபோய் வெச்ச இடம்தான் தப்பு. மனசுக்குள்ள திருத்தறதை விடச் சொன்னீங்க. நான் காலை விட்டுட்டேன்."

அவர் சாவிக்கொத்தை எடுத்தார். ஒவ்வொரு சாவியாகத் தள்ளிப் பார்த்து அந்த அறைச் சாவியைக் கழற்றினார்.

அறை மூச்சுமுட்டும் புழுக்கமாக இருந்தது. பேக்கரிக்காரர் ஜன்னலைத் திறந்தார். சுவரோரமாக எதிரெதிர் வரிசையில் இருந்த நாற்காலிகளை அவள் வட்டமாக இழுத்துப் போட்டாள், கை நீட்டினால் அடுத்தவர் தோள் படும் நெருக்கத்தில். "கண்ணை மூடறவங்க மூடுங்க. நானும் அக்காவும் திறந்து வெச்சிருப்போம். யாரையாவது தொடணும்னு தோணினா தொடலாம். மௌனம் ஒண்ணும் ஒடைஞ்சிடாது. ஒடைஞ்சா மறுபடி உட்காரலாம்."

கணவரின் நாற்காலி அவளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது. யார் அதில் உட்காருவது என்று எல்லாரும் தயங்கினார்கள். பேக்கரிக்காரர், "நான்தான் அண்ணனோட வாரிசு, குறட்டை விஷயத்துல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மணி அடித்தது.

முதல் ஐந்து நிமிஷம் அறை முழுக்க மூச்சுச் சத்தம்தான். யாருமே ஜெபிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஒருவருக்கொருவர் காவல் இருந்தார்கள். பிறகு மெதுவாக, குளத்தில் கல் விழுந்த வட்டம் கரைக்குப் போய்ச் சேருவதுபோல், தோள்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவள் சொல்லைத் தேடினாள். 'இதோ' வரவில்லை. அதன் இடத்தில் 'மெள்ள' என்று வந்தது. காப்பியடிக்கிறோமே என்று நினைத்தாள். இருக்கட்டும் என்று விட்டாள்.

பன்னிரண்டாவது நிமிஷத்தில் பேக்கரிக்காரர் தலை சாய்ந்தது. மூன்று மணிக்கு எழுந்தவர், பாவம். குறட்டை சன்னமாகக் கிளம்பி, ஏறி, ஒரு தேம்பலோடு நின்றது.

அறையே நின்றது. எதிரில் நர்ஸக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். போதகர் கண்ணைத் திறந்துவிட்டார். அவள் காதில் அந்த ஒன்பதாவது நிமிஷம் மறுபடி வந்தது. ஆனால் இந்தத் தடவை அவள் கால் எதற்குப் பின்னாலும் பூட்டியிருக்கவில்லை. இடது காலால் அவர் பாதத்தில் ஒரு தட்டு தட்டினாள், கொஞ்சம் பலமாகவே.

"ஐயோ! ரொட்டி கருகுதா?" என்று பேக்கரிக்காரர் துள்ளி எழுந்தார்.

யாராலும் அடக்க முடியவில்லை. போதகர் கண்ணீர் வரச் சிரித்தார், அல்லது சிரிப்பு வர அழுதார். அவள் பேக்கரிக்காரரின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "கருகல. உட்காருங்க. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு."

எட்டு நிமிஷமும் உட்கார்ந்தார்கள். அது அந்தப் பதினோரு நிமிஷம் போல் இல்லை. அந்த இனிமை அவளுக்குத் திரும்பி வரவில்லை, அது யார் கொடுத்தது என்பதும் இன்றுவரை தெரியாது. இதில் நாற்காலி கிறீச்சிட்டது, யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், அவள் மனசு இரண்டு தடவை அடுக்களை ஜன்னலுக்குப் போய்விட்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் அதன் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டி வந்தாள். கடைசி நிமிஷத்தில் அவள் ஒரு விஷயம் செய்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கண்ணை மூடினாள். பக்கத்தில் பேக்கரிக்காரர் மூச்சு விடுவது கேட்டது. எதிரில் நர்ஸக்கா திறந்த கண்ணோடு இருப்பாள் என்பது தெரிந்தது. மூடியபடியே இருந்தாள்.

எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்தினாள். பலகையில் ஐந்து மாதத் தூசி. முந்தானையால் துடைத்தாள். உள்ளே மெளனம். மெ, ள, ன, ம். கைப்பையைத் திறந்து பெயின்ட் டப்பியை எடுத்தாள், மூடியைத் திருகினாள். மேலே ஆடை கட்டியிருந்தாலும் அடியில் இன்னும் ஈரம் இருந்தது. தூரிகையை நனைத்து, அந்த ள-வின் முன்னால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு தூரிகையைத் துடைத்து, டப்பியை மூடிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அடுத்த சனிக்கிழமை," என்றாள்.

அது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. நர்ஸக்கா போய்விட்டாள், ஆஸ்பத்திரியில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. போதகர் மாறிப் போய்ப் புதியவர் வந்திருக்கிறார். நாற்காலிகள் இப்போது பன்னிரண்டு. புதிதாக வருகிறவர்களில் படித்தவர் யாராவது கதவருகில் நின்று, "இதுல ஒரு எழுத்துப் பிழை இருக்கே" என்பார். "ஆமாம்" என்பாள்.

அந்த ள இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது.